விரற்கடைக் கணக்கு

1942ஆம் ஆண்டில் ஹியூ டி ஹேவன் என்னும் அமெரிக்கர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஐம்பது அடி முதல் நூற்றைம்பது அடி வரையிலான உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்தவர்களைப் பற்றியது அது. அவர்கள் எதன்மேல் விழுந்தனர், விழுந்த இடம் எவ்வளவு குழிந்தது, உடலின் எப்பகுதி முதலில் பட்டது என்று ஒவ்வொன்றாய்க் குறித்துக் கணக்கிட்டார். முதல் உலகப்போர்க் காலத்தில் வானூர்திப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, நடுவானில் இரு வானூர்திகள் மோதி வீழ்ந்த நிகழ்வில் உயிர் தப்பியவர் அவர். தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ‘ஊழ்’ என்று பிறர் சொன்ன இடத்தில் அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டார். கிடைத்த விடை எளியது. பிழைத்தவர்கள் விழுந்த இடம் சில விரற்கடை அளவு உள்வாங்கியிருந்தது. அந்தச் சில விரற்கடைத் தொலைவில் அவர்களுடைய வேகம் படிப்படியாகக் கரைந்திருந்தது.

இன்று மகிழுந்தில் குழந்தைக்கெனப் பொருத்தப்படும் இருக்கையின் அறிவியல் முழுவதும் இந்த ஒரே உண்மையின் விரிவுதான். உயிரைப் பறிப்பது வேகம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். இயற்பியலைக் கேட்டால், அவ்வேகம் எவ்வளவு குறுகிய தொலைவில் ஒழிகிறது என்பதே கணக்கு என்னும். ஓடும் பொருள் ஒன்று நிற்க வேண்டுமானால் அதன் இயக்க ஆற்றல் எங்கேனும் செலவாக வேண்டும். செலவாகும் தொலைவு பாதியானால் விசை இருமடங்காகும். தொலைவு பத்தில் ஒன்றானால் விசை பத்து மடங்காகும். இதற்கு மேல் நுண்கணிதம் ஏதும் வேண்டியதில்லை.

எண்களை இட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடி மொட்டைமாடியிலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும் வேகம் அது. அந்த வேகத்தில் செல்லும் மகிழுந்து சுவரில் மோதி, தன் முன்பகுதி நொறுங்க 65 செ.மீ. தொலைவில் நிற்கிறது என்று கொள்வோம். அதனோடு நன்கு பிணைக்கப்பட்ட உடல் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 15 மடங்கு எதிர்முடுக்கத்தை உணரும். பிணைக்கப்படாத உடலோ மகிழுந்து நின்ற பிறகும் அதே 14 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் சென்று, முன்னிருக்கையின் பின்புறத்திலோ கண்ணாடியிலோ மோதி ஐந்து செ.மீ.க்குள் நிற்கும். அப்போது எதிர்முடுக்கம் 200 மடங்கை எட்டும். ஒரே மோதலில், ஒரே வண்டிக்குள் இருக்கும் இருவருக்குள் இத்தனை வேறுபாடு.

மடியில் வைத்துக்கொண்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியது. அதற்கும் இதே கணக்கு விடை சொல்லும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை, 15 மடங்கு எதிர்முடுக்கத்தில் 150 கிலோ மூட்டையின் இழுப்பைக் கைகளுக்குத் தரும். அது சராசரிதான், உச்சக் கணத்தில் இன்னும் கூடும். மோதல் தொடங்கி முடிய எடுக்கும் காலமோ நொடியில் பத்தில் ஒரு பங்கு. தாயின் கை இறுகுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். தாய் இருக்கைப்பட்டை அணியாதவராயின் அவர் உடலும் சேர்ந்து குழந்தையை நசுக்கும். அன்புக்கும் நிலைமத்துக்கும் இடையே நடக்கும் போட்டியில் அன்பு வென்றதாக எந்த அளவீடும் இல்லை.

பெரியவர்களுக்கான மும்முனை இருக்கைப்பட்டையை 1959இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் உருவாக்கினார். போர் வானூர்திகளுக்கு வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்த கைகள் அவருடையவை. பட்டை மனித உடலின் மிக வலுவான எலும்புகளான இடுப்பெலும்பு, மார்புக்கூடு, தோளெலும்பு ஆகியவற்றின்மேல் விசையைப் பகிர்ந்து இறக்கும். வயிறு, கழுத்து ஆகிய மென்பகுதிகளைத் தொடாது. பெரியவருக்கு அது போதும். சிறு குழந்தைக்கு அது போதாது. ஏன் போதாது என்பதில்தான் குழந்தை இருக்கையின் தேவையே தொடங்குகிறது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. எடையிலும் கிட்டத்தட்ட அப்படியே. பெரியவரின் எடையில் தலையின் பங்கு நூற்றுக்கு ஆறு அல்லது ஏழுதான். இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தோ இன்னும் முழுமையாக எலும்பாகவே மாறியிருப்பதில்லை. பிறக்கும்போது கழுத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றும் குருத்தெலும்பால் இணைந்த தனித்தனித் துண்டுகளாக இருக்கும். அவை ஒன்றாய்க் கூடி எலும்பு வளையமாவது மூன்று முதல் ஏழு வயதுக்குள் படிப்படியாக நிகழ்கிறது. அதுவரை இணைப்பு நார்கள் தளர்ந்தவை, தசைகள் மெலிந்தவை. இதில் ஒரு கொடிய முரண் உண்டு. கைக்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் ஏறத்தாழ ஐந்து செ.மீ. வரை நீளக்கூடும் என்றும், உள்ளே ஓடும் தண்டுவடமோ ஆறு மி.மீ. நீண்டாலே அறுந்துவிடும் என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எலும்பு முறியாமலே, வெளிக்காயம் ஏதும் இல்லாமலே குழந்தை செயலற்றுப் போகும் வாய்ப்பு அங்கே இருக்கிறது.

முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் மார்பைப் பட்டை பிடித்து நிறுத்துகிறது; தலையை எதுவும் பிடிக்கவில்லை. மூவாண்டுக் குழந்தையின் தலை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தலை மட்டும் 50 மடங்கு எதிர்முடுக்கம் கண்டால், அந்தப் பிஞ்சுக் கழுத்து ஏறத்தாழ 1,400 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். 140 கிலோவைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவதற்கு அது ஒப்பு.

குழந்தைக்கென மகிழுந்தில் தனி இருக்கை வைக்கும் வழக்கம் 1930களிலேயே அமெரிக்காவில் இருந்தது. ஆனால் அவை காப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழந்தை வெளியே வேடிக்கை பார்க்கவும், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி ஓரிடத்தில் இருக்கவும் உயர்த்திக் கட்டிய துணி, கம்பிச் சட்டங்கள்தாம் அவை. மோதலைக் கருத்தில்கொண்ட வடிவங்கள் 1962இல், ஒருவரை ஒருவர் அறியாத இருவரிடமிருந்து வந்தன. ஒருவர் பிரித்தானியாவின் ஜீன் ஏம்ஸ், மற்றவர் அமெரிக்காவின் லெனார்ட் ரிவ்கின். ஏம்ஸின் இருக்கை பின்னோக்கியது. ரிவ்கினுடையது உலோகச் சட்டமிட்டு முன்னோக்கியது. இன்றுவரை தொடரும் வாதத்தின் இரு தரப்பும் அந்த ஓராண்டிலேயே பிறந்துவிட்டன.

பின்னோக்கிய இருக்கைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன். மருத்துவம் படித்தவர், பின்னாளில் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அமெரிக்காவின் ஜெமினி விண்வெளித் திட்ட வீரர்களுக்கென முதுகின் வடிவுக்கேற்ப வார்க்கப்பட்ட இருக்கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்ததே அவருக்குத் தூண்டுதல் என்பர். ஏவுகலம் மேலெழும்போது முடுக்கம் முழுவதும் வீரரின் முதுகுப் பரப்பெங்கும் பரவி இறங்குமாறு அவரைப் படுக்கவைத்திருந்தனர். மகிழுந்து முன்புறம் மோதும்போது எழும் விசையின் திசையும் அளவும் தெரிந்தவைதாம். அப்படியானால் குழந்தையைத் திருப்பி வைத்தால் என்ன? 1964இல் அவருடைய முதல் மாதிரி வோல்வோ மகிழுந்து ஒன்றில் வைத்துச் சோதிக்கப்பட்டது. 1972இல் வோல்வோ பின்னோக்கிய குழந்தை இருக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

திருப்பி வைப்பதால் நிகழும் மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேகம் அதேதான், வண்டி நொறுங்கும் தொலைவும் அதேதான். மாறுவது விசை இறங்கும் பரப்பு. முன்னோக்கிய குழந்தையில் குறுகிய பட்டைகள் இரண்டு தாங்கிய விசையை, பின்னோக்கிய குழந்தையில் முதுகு, தோள், பின்தலை என்று உடலின் பின்புறம் முழுவதும் தாங்குகிறது. அதைவிடத் தலையாயது, தலையும் உடலும் ஒருசேர இருக்கையின் ஓட்டுக்குள் அழுந்துவதால் அவற்றுக்கிடையே வேக வேறுபாடு எழுவதில்லை. வேறுபாடு இல்லையேல் கழுத்தில் இழுப்பும் இல்லை. கழுத்து தன் வேலையைச் செய்யவே தேவை எழாதபடி செய்துவிடும் இந்தத் தீர்வு பொறியியலின் மிக நேர்த்தியான தீர்வுகளுள் ஒன்று என்பது என் எண்ணம். புதிய பொருளோ புதிய இயந்திரமோ சேர்க்காமல், வைக்கும் திசையை மட்டும் மாற்றி எட்டிய தீர்வு அது.

கால்கள் மடங்கி இடிபடுமே என்று பெற்றோர் கேட்பதுண்டு. குழந்தைகள் சம்மணமிட்டோ காலை மடக்கியோ இயல்பாகவே அமர்ந்துகொள்வார்கள். கால் முறிந்தால் ஒட்ட வைக்கலாம். தண்டுவடத்தை அவ்வாறு செய்ய இயலாது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதே பிழை. மெய்யாகக் கவனிக்க வேண்டியது வேறு. பின்னோக்கிய இருக்கையில் மோதலின்போது குழந்தை ஓட்டின் வழியே மேல்நோக்கி வழுக்க முயலும். ஆகவே தோட்பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய இருக்கையில் இது தலைகீழ்: தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். இருக்கையின் சாய்வும் கணக்கில் அடங்கும். மிகவும் நிமிர்த்தினால் கைக்குழந்தையின் தலை முன்சாய்ந்து மூச்சுவழி அடைபடும். மிகவும் சாய்த்தால் மோதலில் உடல் மேலே வழுக்கும்.

எத்தனை வயது வரை பின்னோக்கி? ஸ்வீடனில் நான்கு வயது வரை அவ்வாறு வைப்பது பல தலைமுறைப் பெற்றோரின் வழக்கமாகிவிட்டது. அங்குள்ள தேசியச் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் நடத்தும் ‘பிளஸ்’ சோதனை கழுத்தின் இழுவிசையையே நேரடியாக அளந்து, மூவாண்டுக் குழந்தைக்குரிய சோதனைப் பொம்மைக்கு ஏறத்தாழ 1,220 நியூட்டன் என்று வரம்பு கட்டுகிறது. மேலே நாம் கண்ட 1,400 அதைத் தாண்டியது என்பதை நினைவில் கொள்க. அமெரிக்காவில் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பின்னோக்கிய இருக்கை பன்மடங்கு காப்பளிக்கிறது என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் இரண்டு வயது வரை பின்னோக்கி வைக்குமாறு அறிவுறுத்தியபோது அந்த ஆய்வும் அடிப்படையாக அமைந்தது. பின்னர் அதே ஆய்வாளர்களே தரவுகளை மீண்டும் கணக்கிட்டபோது பழைய முடிவு நிற்கவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தவறு இயற்பியலில் இல்லை, புள்ளியியலில் இருந்தது. எந்தத் திசையில் வைத்தாலும் இருக்கையில் நன்கு பிணைக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கடுங்காயம் நேர்வது மிக அரிதாக இருந்ததால், இரண்டையும் ஒப்பிடப் போதிய எண்ணிக்கை கிடைக்கவில்லை. மருத்துவக் கழகம் 2018இல் ‘இரண்டு வயது’ என்ற எல்லையை நீக்கி, இருக்கையின் எடை, உயர வரம்பு இடம்தரும் வரை பின்னோக்கியே வைக்க வேண்டும் என்று மாற்றி எழுதியது. அறிவியல் தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டதற்கு இது நல்ல சான்று. ஸ்வீடன் வழக்கத்துக்கு இதனால் ஊறு ஏதும் இல்லை.

குழந்தை வளர்ந்து இருக்கையின் ஐம்முனைப் பட்டைக்குள் அடங்காத நிலை வரும்போது சிக்கல் கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்குகிறது. பெரியவரின் இடுப்பெலும்பில் முன்புறம் துருத்திய இரு முனைகள் உண்டு. மடிப்பட்டை அவற்றில் கொக்கியிட்டதுபோல் நிற்கும். சிறுவர்க்கு அம்முனைகள் பத்து வயதளவில்தான் சரியாக உருப்பெறும். அதற்குமுன் பட்டை வழுக்கி வயிற்றின்மேல் ஏறிவிடும். உடலோ அடியில் நழுவி முன்னே செல்லும். குடல் கிழிதல், மண்ணீரல் சிதைதல், இடுப்பு முள்ளெலும்பு முறிதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் இக்காயத் தொகுதியை மருத்துவர்கள் நன்கறிவர். இதற்கு வோல்வோ 1970களின் பிற்பகுதியில் கண்ட தீர்வு ஒரு மெத்தை. குழந்தையைச் சில விரற்கடை உயர்த்தினால் மடிப்பட்டை வயிற்றிலிருந்து தொடைக்கு இறங்கும், தோட்பட்டை கழுத்திலிருந்து தோளுக்கு நகரும். பூஸ்டர் எனப்படும் இந்த உயர்த்தி இருக்கை தானாக எதையும் தாங்குவதில்லை. பட்டை சரியான எலும்பைத் தேடிச் செல்ல வழிவிடுகிறது, அவ்வளவே. ஐரோப்பாவில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை இதைக் கோருகின்றனர்; சில நாடுகள் 135 செ.மீ. போதும் என்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் முன்புற மோதல். பக்கவாட்டு மோதலில் கணக்கு திடீரென்று கடுமையாகிறது. முன்புறம் ஒரு மீட்டரளவு நொறுங்கு பகுதி இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கதவின் தடிமன் மட்டுமே. இன்னொரு வண்டி கதவை இடிக்கும்போது அக்கதவு உள்நோக்கிப் பாய்ந்து, அருகில் அமர்ந்த குழந்தையைத் தேடி வருகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் 129ஆம் விதி 2013இல் நடைமுறைக்கு வந்தபோது பக்கவாட்டு மோதல் சோதனையைத் தன்கீழ் ஒப்புதல் பெறும் குழந்தை இருக்கைகளுக்குக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய 44ஆம் விதியில் அது இல்லை. அமெரிக்கா தன் பக்கவாட்டு விதியை 2022இல்தான் வெளியிட்டது. ஐரோப்பியச் சோதனையில் கதவுப் பலகை மணிக்கு 25 கிலோமீட்டர் அளவு வேகத்தில் இருக்கையை நோக்கி வந்து ஏறத்தாழ 25 செ.மீ. உட்புகுகிறது.

தலையின் இருபுறமும் இருக்கை நீட்டும் சிறகுகளில்தான் விடை இருக்கிறது. அவற்றின் உள்ளே இருப்பது நுரை: பெரும்பாலும் நாம் தெர்மாகோல் என்றழைக்கும் பாலிஸ்டைரீன் நுரை, அல்லது பாலிப்புரொப்பிலீன் நுரை. பொருளைப் பொதிந்து அனுப்பும் பெட்டிகளில் கிடக்கும் அதே இனம்தான்; அடர்த்தி மட்டும் தேர்ந்தெடுத்தது. இந்நுரையின் நடத்தை விந்தையானது. அழுத்தத் தொடங்கும்போது சற்று எதிர்த்து நிற்கும். பிறகு அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றாய் நொறுங்கத் தொடங்க, நெடுந்தொலைவுக்குக் கிட்டத்தட்ட ஒரே விசையில் உள்வாங்கிக்கொண்டே போகும். இறுதியில் அறைகள் எல்லாம் சப்பையானதும் பாறைபோல் இறுகிவிடும். நடுவிலுள்ள அந்தச் சீரான பகுதியே காப்பு. இறங்கி வரும் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் கட்டையை ஒரேயடியாக நட்டுவைப்பதில்லை. சரிவான கட்டையைச் சக்கரத்தோடு கூடவே செலுத்தி, தேரின் ஓட்டத்தைக் கட்டைமேல் ஏற்றித் தணிக்கிறார். நுரையும் தலைக்கு அதையே செய்கிறது.

இங்கே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 7 மீட்டர். மூன்று செ.மீ. தடிமனுள்ள நுரையில் மூன்றில் இரண்டு பங்கே நொறுங்கப் பயன்படும். ஆகத் தலை நிற்கக் கிடைக்கும் தொலைவு இரண்டு செ.மீ., ஏறத்தாழ ஒரு விரற்கடை. எதிர்முடுக்கம் 125 மடங்கு. தடிமனை ஐந்து செ.மீ.க்குச் சற்று மேல் ஆக்கினால் நிற்கும் தொலைவு மூன்றரை செ.மீ. ஆகும், எதிர்முடுக்கம் 71 மடங்காகக் குறையும். 129ஆம் விதி சிறு குழந்தைகளின் தலைக்கு விதிக்கும் வரம்பு 75 மடங்கு. சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு 80. ஒரு விரற்கடை கூடியதும் குறைந்ததும் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையே நிற்கின்றன. நுரை சீராக நொறுங்கும் என்று வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. உண்மையில் ஓடு வளையும், இருக்கையே கொஞ்சம் நகரும், உச்சவிசை சராசரியைவிட எழும்பும். ஆனாலும் வடிவமைப்பாளர் தாளில் முதலில் எழுதும் கணக்கு இதுதான்.

அப்படியானால் தடிமனைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், மகிழுந்தின் பின்னிருக்கை அதற்கு இடம் தராது. மூன்று இருக்கைகள் அருகருகே வைக்க விரும்பும் குடும்பங்கள் உண்டு. குழந்தையின் பார்வையை முழுதும் மறைத்தால் அது அழும். அழும் குழந்தையின் தலை சிறகுக்கு வெளியே நீண்டுவிடும். எனவே கதவுப்புறம் மட்டும் வெளியே இழுத்து வைக்கக்கூடிய புடைப்புகளைச் சில இருக்கைகளில் பொருத்துகின்றனர். கதவு அப்புடைப்பை முதலில் தொடுவதால், தலை தொடுமுன்பே இருக்கை முழுவதும் வண்டியின் நடுப்பக்கம் நகரத் தொடங்கும். வேக வேறுபாட்டில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னும் நுட்பமான சிக்கல் நுரையின் மென்மை பற்றியது. பிறந்த குழந்தையின் தலை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூவாண்டுக் குழந்தையின் தலை அதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மூவாண்டுத் தலையை 70 மடங்கு எதிர்முடுக்கத்தில் நிறுத்த 2,000 நியூட்டன் அளவில் நொறுங்கும் நுரை வேண்டும். அதே நுரையில் பிறந்த குழந்தையின் தலை மோதினால் அந்த 2,000 நியூட்டன் அந்தச் சிறு தலையை 180 மடங்குக்கும் மேல் எதிர்முடுக்கத்துக்கு ஆளாக்கும். தொடும் பரப்பு சிறியது என்பதால் உண்மையில் சற்றுக் குறையலாம். ஆயினும் ஆபத்தான அளவே. பெரிய குழந்தைக்கு மெத்தையாக இருப்பது சிறு குழந்தைக்குச் சுவராகிறது. நான்கைந்து ஆண்டுகள் பயன்படும் என்று விற்கப்படும் இருக்கைகளில், கைக்குழந்தைப் பருவத்துக்கென உள்ளே வைக்கும் மென்மையான செருகுமெத்தையைப் பெற்றோர் அழகுக்கென எண்ணிக் கழற்றிவிடுவதுண்டு. அது அழகுக்காக வைத்ததன்று.

பாலிஸ்டைரீன் நுரையின் அறைகள் ஒருமுறை நொறுங்கினால் மீண்டெழா. பாலிப்புரொப்பிலீன் நுரை ஓரளவு மீண்டெழும், விலை கூடுதல். கடுமோதல் ஒன்றைச் சந்தித்த இருக்கை வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும், உள்ளே தன் தொலைவைச் செலவழித்துவிட்டிருக்கலாம். பழைய பொருள் கடையில் குழந்தை இருக்கை வாங்குவது பொருந்தாத சிக்கனம் என்பது இதனால்தான்.

இருக்கை எவ்வளவு நேர்த்தியாயினும் வண்டியோடு இறுகப் பிணையாவிட்டால் பயனில்லை. வண்டி நொறுங்கிக்கொண்டிருக்கும் அந்த 65 செ.மீ. தொலைவில் பங்கு பெற வேண்டுமானால் முதல் கணத்திலிருந்தே வண்டியோடு சேர்ந்து வேகம் இழக்க வேண்டும். பட்டையில் ஐந்து செ.மீ. தளர்வு இருந்தால், வண்டி நிற்கத் தொடங்கிய பின்னும் குழந்தை பழைய வேகத்திலேயே சென்று, பின்பு திடுமெனப் பிடிக்கப்படும். பனிநாடுகளில் தடித்த மேற்சட்டையோடு குழந்தையைப் பட்டையிடக் கூடாது என்பது இதனால்தான்: மோதலில் சட்டையின் பஞ்சு அமுங்க, தளர்வு தானே உண்டாகிவிடும். இருக்கையை வண்டியில் பொருத்துவதில் நேரும் பிழைகளைக் குறைக்கவே 1999இல் ஐசோஃபிக்ஸ் தரவரையறை வந்தது. வண்டியின் பின்னிருக்கை மடிப்புக்குள், 280 மி.மீ. இடைவெளியில், ஆறு மி.மீ. தடிமனுள்ள இரண்டு இரும்புக் கம்பிகள். இருக்கையின் கொக்கிகள் அவற்றை ‘டக்’ எனக் கவ்விக்கொள்ளும். இரு முனையில் பிடித்த பொருள் முன்னோக்கிச் சுழலும் என்பதால் மூன்றாவது பிடி ஒன்றும் வேண்டும். தரையில் ஊன்றிய தாங்குகால் அல்லது இருக்கையின் உச்சியிலிருந்து பின்னே கட்டும் மேற்கட்டுப் பட்டை அந்த வேலையைச் செய்கிறது. மேற்கட்டுப் பட்டையைப் பலர் கட்டாமலே விடுகின்றனர். முன்னோக்கிய இருக்கையில் தலை எவ்வளவு தூரம் முன்னே பாயும் என்பதை முடிவு செய்வதில் அதன் பங்கு பெரிது. பழைய ஐரோப்பிய விதி அத்தொலைவுக்கு 55 செ.மீ. என வரம்பு வைத்தது.

முன்னிருக்கையின் காற்றுப்பை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரியவருக்கு உயிர்காக்கும் அப்பை, எதிரே பின்னோக்கிய குழந்தை இருக்கை இருந்தால், அந்த ஓட்டைக் குழந்தையின் தலையோடு சேர்த்து அறையும். 1990களில் அமெரிக்கா இதைக் குழந்தைகளின் உயிரிழப்பில் கற்றது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கை கூடவே கூடாது.

இவ்வளவு வரம்பெண்களையும் எப்படி நிறுவினார்கள் என்ற கேள்வி எழும். குழந்தையை வைத்து யாரும் சோதனை செய்ய முடியாது. பெரியவர்களின் தலைக் காயங்களைப் பற்றி டெட்ராய்ட் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகம் திரட்டிய தரவுகளிலிருந்து ஒரு வளைகோடு பிறந்தது. அதிலிருந்து தலைக்காய அளவுகோல் பிறந்தது. எதிர்முடுக்கத்தை இரண்டரை அடுக்குக்கு உயர்த்தி, அது நீடிக்கும் காலத்தால் பெருக்கும் கணக்கு அது. எதிர்முடுக்கம் இருமடங்கானால் தீங்கு ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுகிறது என்பதே அதன் பொருள். பெரியவரின் எல்லையைக் குழந்தையின் உடலளவுக்கும் எலும்பின் திண்மைக்கும் ஏற்பச் சுருக்கிக் குழந்தைக்குரிய எல்லையைக் கண்டனர். சுருக்குதல் என்பது ஓர் ஊகம்; நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். ஒன்றரை வயது, மூன்று வயது, ஆறு வயது என்று பல அளவுகளில் செய்த சோதனைப் பொம்மைகளுக்குள் கழுத்திலும் மார்பிலும் உணரிகள் பதித்து, தள்ளுவண்டியில் ஏற்றி மோதவிட்டு அளக்கின்றனர். ஆயினும் சாலையில் கிடைத்த பயன் ஐயத்துக்கு இடமற்றது. மகிழுந்துகளில் குழந்தை இருக்கை ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 54 விழுக்காடும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணிப்பு.

இந்தியாவில் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காவிட்டால் ஆயிரம் ரூபாய் தண்டம் என்கிறது. இருக்கைக்கான நம் தரவரையறை ஐரோப்பாவின் பழைய 44ஆம் விதியைத் தழுவியது. பக்கவாட்டு மோதலை அந்த விதி கணக்கில் கொள்ளவில்லை என்று மேலே கண்டோம். ஆகவே இங்கு இருக்கை வாங்குவோர் ஐ-சைஸ் என்ற முத்திரை, அதாவது 129ஆம் விதிக்கு உட்பட்டது என்ற குறி, இருக்கிறதா எனப் பார்த்து வாங்குவது நன்று.

ஆனால் நம் நாட்டில் மிகப் பல குழந்தைகள் செல்வது மகிழுந்தில் அன்று. தந்தையின் இருசக்கர ஊர்தியில். 2022ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையையும், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்குத் தலைக்கவசத்தையும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தையும் கோருகிறது. பட்டை குழந்தை தவறி விழாமல் காக்கும், அது அவசியமே. ஆனால் மோதலில் அப்பட்டைக்குப் பின்னே நொறுங்கு பகுதி என ஒன்றுமில்லை. 40 கிலோமீட்டர் வேகம் ஆறு மீட்டருக்கு மேலிருந்து விழுவதற்கு ஒப்பு. அவ்வேகத்தில் தரையில் மோதும் குழந்தையின் தலைக்கு வாய்த்த நிற்கும் தொலைவு, கவசத்துக்குள் இருக்கும் அந்த விரற்கடைத் தெர்மாகோல் மட்டுமே. பெரியவரின் கவசத்தைக் கழுத்துப் பட்டி இறுக்கிக் குழந்தைக்கு மாட்டிவிடுவோரைச் சாலையில் காண்கிறோம். பெரியவரின் தலை நான்கரைக் கிலோ. அந்த எடைக்கேற்ப இறுக்கமான நுரை அதில் இருக்கும். இருக்கைச் சிறகின் நுரையில் கண்ட அதே கணக்கு இங்கும் செல்லும். தளர்வாக ஆடும் அந்தக் கவசத்துக்குள் இரண்டரைக் கிலோத் தலை மோதும்போது நுரை நொறுங்க மறுக்கும். அந்த விதி குழந்தையின் தலைக்குப் பொருந்தும் கவசத்தையே கேட்கிறது. அதற்கு மாற்றாக, தரவரையறைக்கு உட்பட்ட மிதிவண்டித் தலைக்கவசத்தையும் ஏற்கிறது.